தூரக் கணக்கு - 9: நாலு கிலோமீட்டர் வரைதான் பஸ்

பகுதி நேர ரேஷன் கடைகளைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் மினி பஸ் குறுக்கே வந்துவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தைச் சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று, மலையில் 20,000 பேருக்கு ஒன்று எனத் தலை எண்ணித்தான் வைக்கிறார்கள் என்பது தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும்.

அந்தக் கணக்கில் விடுபட்டுப்போன தூரத்தைத் தமிழ்நாட்டில் ஓரளவாவது குறைத்தது மினி பஸ்தான். 1997-ல் கருணாநிதி ஆட்சியில் வந்த திட்டம், ஓட்டுவது தனியார். அதன் பழைய விதியைப் படித்ததிலிருந்து வேறெதிலும் மனம் போகவில்லை. தடத்தின் நீளம் மொத்தம் 20 கிலோமீட்டர். அதில் 16 கிலோமீட்டர் அதுவரை பஸ்ஸே போகாத பாதை. ஏற்கெனவே பஸ்கள் ஓடும் சாலையில் 4 கிலோமீட்டர்தான் போகலாம் என்றிருந்தது. பெரிய பஸ்களின் வசூலில் கைவைக்கக் கூடாதே!

இந்த நாலு என்ன செய்யும் என்று பாருங்கள். குக்கிராமத்திலிருந்து புறப்பட்ட வண்டி மெயின் ரோட்டில் ஏறியதும் கணக்கு தொடங்கிவிடும். அரசு ஆஸ்பத்திரி மூன்றாவது கிலோமீட்டரில் இருந்தால் வாசலிலேயே இறங்கலாம். ஆறாவதில் இருந்தால் இரண்டு கிலோமீட்டருக்கு முன்பே எல்லோரும் இறங்கியாக வேண்டும். மிச்சத்துக்கு ஷேர் ஆட்டோ, இல்லாவிட்டால் நடை. முழங்கால் வலிக்கு மாத்திரை வாங்கப் போகிறவரும் நடக்கத்தான் வேண்டும்.

சிவகங்கைப் பக்கம் அப்படியொரு வண்டியில் போனேன். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் பை தொங்கியது. உள்ளே மருந்துச் சீட்டுகள். ஒவ்வொன்றிலும் பணத்தை மடித்து ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்கள். வர முடியாதவர்கள் கொடுத்தனுப்பியது. சாயங்கால டிரிப்பில் மாத்திரை வீடு வந்துவிடும். சுகர் நோட்டும் கையுமாக இறங்கிய ஒரு மூதாட்டியிடம் கண்டக்டர் சொன்னார்: "அப்பத்தா, பன்னெண்டரைக்கு வண்டியைத் திருப்பிருவோம். வெரசா வந்துருங்க."

"டாக்டரு விடணும்ல?"

"சரி, ஆரன் அடிச்சுப் பாத்துட்டுத்தான் எடுப்போம்."

எந்த அரசாணையிலும் இல்லாத இந்த ஏற்பாட்டை நம்பித்தான் அந்த ஊரின் வைத்தியமே நடக்கிறது.

2025 ஜூனில் தஞ்சாவூரில் தொடங்கிவைக்கப்பட்ட புதிய மினி பஸ் திட்டத்தில் தடம் 25 கிலோமீட்டராக நீண்டிருக்கிறது. அதில் 65 சதவீதமாவது பஸ் வசதி இல்லாத பாதையாக இருக்க வேண்டும். மிச்சத்தைக் கணக்குப் போட்டால் மெயின் ரோட்டில் எட்டே முக்கால் கிலோமீட்டர். பழைய நாலுக்கு இரண்டு மடங்குக்கும் மேல்! எத்தனையோ ஆஸ்பத்திரிகளும் தாலுகா ஆபீஸ்களும் இந்த எல்லைக்குள் வந்துவிடும். வர வேண்டும். ஆனால் எட்டே முக்காலும் சாலையை அளந்து வந்த கணக்குதான். அதையும் தாண்டி ஆஸ்பத்திரி இருக்கிற ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள்? தடம் போடும்போதே ஆஸ்பத்திரி வாசலிலிருந்து பின்னோக்கி அளந்துகொண்டு வந்தால் என்ன?

இன்னொன்றும் உறுத்துகிறது. 2021 மே மாதத்திலிருந்து அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மிக நல்ல திட்டம். ஆனால் அரசு பஸ் எட்டிப் பார்க்காத ஊர்ப் பெண்கள் தனியார் மினி பஸ்ஸில் காசு கொடுத்துத்தான் மெயின் ரோட்டுக்கே வர வேண்டியிருக்கிறது. ரோட்டோரத்து ஊருக்குக் கிடைக்கும் இலவசம் உள்ளடங்கிய ஊருக்கு இல்லை என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மினி பஸ் கட்டணத்தை அரசே உரிமையாளருக்குக் கொடுத்துவிடலாம்.

அடுத்த வாரம் கட்டாயம் ரேஷன் கடைக்குப் போய்விடுவோம். விலையில்லாமல் கிடைக்கும் 20 கிலோ அரிசியை மினி பஸ்ஸில் ஏற்றினால் லக்கேஜுக்கு எவ்வளவு கேட்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

(தொடரும்)