மூன்று முறை 'மேடே'

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்த செய்தியோடுதான் 'மேடே' என்ற சொல் நம்மில் பலர் காதில் விழுந்தது. கிளம்பிய சில நொடிகளிலேயே விமானி அதை மூன்று முறை சொன்னார். கட்டுப்பாட்டு அறை திருப்பிக் கேட்டபோது பதில் இல்லை.

மே தினத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. 1920-களில் லண்டன் க்ராய்டன் விமான நிலையத்துக்கும் பாரிஸுக்கும் இடையே போக்குவரத்து அதிகம். க்ராய்டனின் ரேடியோ அதிகாரி ஃபிரடெரிக் மாக்ஃபோர்டிடம், இரு நாட்டாருக்கும் புரிகிற ஆபத்துச் சொல் ஒன்று கேட்டார்கள். தந்திக்கு எஸ்.ஓ.எஸ். இருந்தது, பேச்சில் அந்த 'எஸ்' தெளிவாகக் கேட்காது. 'உதவுங்கள்' என்ற பிரெஞ்சுச் சொல்லின் ஒலியை எடுத்து 'மேடே' என்றார் அவர். 1927-இல் வாஷிங்டன் வானொலி மாநாடு அதை ஏற்றது. இரைச்சலில் வேறு சொல்லாகக் கேட்டுவிடக் கூடாதென்றுதான் மூன்று முறை. சொன்னதும் அந்த அலைவரிசையில் மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது.

சொல்லாமல் விட்டால்? 1990 ஜனவரி 25. கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த ஏவியாங்கா 52 விமானத்தை, மோசமான வானிலையால் ஒரு மணி நேரத்துக்கும் மேல் வட்டமடிக்க வைத்தார்கள். முதல் முயற்சியில் தரையிறங்க முடியாமல் மேலே எழும்பியதும், "அவசரநிலை என்று சொல்" என்றார் கேப்டன், ஸ்பானிய மொழியில். துணை விமானியோ, திரும்ப வேண்டிய திசையை ஒப்பித்துவிட்டு, கடைசியில் போகிற போக்கில் "எரிபொருள் தீர்கிறது" என்றார். நியூயார்க் வானத்தில் அன்று எல்லோருக்கும்தான் எரிபொருள் குறைந்துகொண்டிருந்தது. நான்கு என்ஜின்களும் நின்று, லாங் ஐலண்ட் குன்றுச் சரிவில் விமானம் விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். டாங்க் காலி, தீகூடப் பிடிக்கவில்லை. கூச்சம் பார்க்காமல் கத்த வேண்டிய இடத்தில் தணிந்த குரலில் பேசிவிட்டார் அந்தத் துணை விமானி, பாவம்.

2012 முதல் இதற்கென்றே 'மேடே ஃப்யூல்' என்ற வாசகம் சர்வதேச விதியில் இருக்கிறது. தரையிறங்கும்போது டாங்கில் கட்டாயம் மிஞ்ச வேண்டிய எரிபொருள், ஜெட் விமானமென்றால் 30 நிமிடத்துக்கானது, மிஞ்சாது என்று தெரிந்தாலே விமானி அதைச் சொல்லியாக வேண்டும். அகமதாபாத் விபத்து நடந்த அடுத்த வாரமே, சென்னையில் இறங்க முடியாத குவாஹாத்தி விமானம் ஒன்று அதைச் சொல்லி, பெங்களூரில் பத்திரமாக இறங்கியது. விசாரணைக்காக இரு விமானிகளையும் பணியிலிருந்து விலக்கி வைத்ததாகச் செய்தி வந்தது. விசாரிக்கட்டும், எரிபொருள் ஏன் குறைந்தது என்று கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்தச் செய்தியைப் படித்த வேறொரு விமானி, நாளை மைக்கை எடுக்குமுன் ஒரு கணம் தயங்குவாரோ என்பதுதான் என் கவலை.