கேட்டால்தானே சொல்வாள்

ஆரம்ப சுகாதார நிலையங்களில் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைதான் கர்ப்பிணிகளுக்கான நாள். புதுக்கோட்டைப் பக்கத்து வல்லத்திராக்கோட்டை போன்ற ஊர்ப்புறங்களில் மாசமாக இருக்கும் பெண்கள் அன்று காலையிலேயே மாமியாரையோ அம்மாவையோ துணைக்கு அழைத்துக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். எடை பார்ப்பார்கள். பிரஷர் பார்க்கக் கையில் பட்டை சுற்றுவார்கள். ரத்தம் எடுத்து, வயிற்றில் கை வைத்துப் பிள்ளை வளர்த்தியைப் பார்த்து, சத்து மாத்திரையை எண்ணிக் கொடுப்பார்கள். "கால் வீங்குதா? தலை சுத்துதா? பிள்ளை அசையுதா?" கேள்விகள் வேகமாக வரும். ஆனால் "மது ஏதாவது எடுத்துக்கிறது உண்டாம்மா?" என்று கேட்க எந்த நர்சம்மாவுக்கும் வாய் கூசும்.

கூச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் மது அருந்துவோர் 1.3 சதவீதம். தமிழ்நாட்டில் ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனால் இது வாயால் சொன்னவர்களின் கணக்கு. வீட்டு வாசலில் நின்று கேட்கும் ஒரு புது ஆளிடம், பக்கத்தில் மாமியார் நிற்க, எந்தப் பெண் "ஆமாம்" என்பாள்?

பாட்டிலை எடுத்துக் குடித்தால்தான் மது என்றும் இல்லை. சளிக்கும் உடம்பு வலிக்கும் ஒரு மூடி பிராந்தி கொடுக்கிற பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அரிஷ்டம், ஆசவம் போன்ற ஆயுர்வேத மருந்துகள் எல்லாம் நொதிக்கவைத்துச் செய்பவை. தானாக உருவாகும் ஆல்கஹாலின் அளவை லேபிளிலேயே அச்சிட்டிருப்பார்கள். மருந்து என்று நினைத்துக் குடிப்பவளிடம் "குடிப்பீங்களா" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாள். அவள் பொய் சொல்லவில்லை.

தாய் குடித்த மது நஞ்சுக்கொடியைத் தடையில்லாமல் தாண்டிவிடும். சிறிது நேரத்தில் தாயின் ரத்தத்தில் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு பிள்ளையின் ரத்தத்திலும் இருக்கும். தாயின் கல்லீரல் அதைச் சிதைத்து வெளியேற்றும். கருவின் கல்லீரலுக்கு அந்தத் திறன் இன்னும் முழுதாக வரவில்லை. பனிக்குட நீரிலும் மது தங்கும், அந்த நீரைப் பிள்ளை திரும்பத் திரும்ப விழுங்கும். இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய ஓர் அளவை இதுவரை எந்த ஆய்வும் காட்டவில்லை.

கண்ணாடியில் உங்கள் முகத்தைப் பாருங்கள். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் சின்னதாய் ஒரு பள்ளம் ஓடுகிறது. கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்ட சில பிள்ளைகளுக்கு அந்தப் பள்ளம் இருக்காது. மேலுதடு மெலிந்து, கண்கள் சிறுத்திருக்கும். பிரான்சின் நாந்த் நகரில் பால் லெமுவான் என்ற மருத்துவர் 1968-இல் 127 பிள்ளைகளிடம் கண்டதை எழுதினார்; கவனிப்பார் இல்லை. 1973-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் கென்னத் ஜோன்ஸும் டேவிட் ஸ்மித்தும் அதையே தனித்துக் கண்டு, 'கருநிலை மது நோய்த்தொகுப்பு' என்று பெயர் வைத்தார்கள். 1981-இல் ஆய்வாளர் கேத்லீன் சுலிக்கின் எலி ஆய்வு இந்த முகமாற்றம் எப்போது விழுகிறது என்று காட்டியது. மனிதக் கணக்கில் அது கருவின் மூன்றாவது வாரம். கர்ப்பம் என்றே பல பெண்களுக்குத் தெரியாத நேரம். முகம் முதல் சில வாரங்களோடு உருவாகி முடிந்துவிடும், மூளையோ பத்து மாதமும் வளரும். அதனால் முகத்தில் ஒரு குறையும் இல்லாத பிள்ளைக்கும் கவனம், நினைவு, கணக்கு, கோபத்தை அடக்குவது எல்லாம் பின்னாளில் சிக்கலாகலாம். அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் 'மக்கு' என்பார்கள், 'அடங்காதவன்' என்பார்கள். காரணம் யாருக்கும் தெரியாது.

'நாலு மாசம் ஆயிடுச்சே, இனி நிறுத்தி என்ன ஆகப்போகுது' என்று நினைக்கிற பெண்ணுக்கு 1899-இல் வந்த ஓர் ஆய்வைச் சொல்லவேண்டும். இங்கிலாந்தில் லிவர்பூல் சிறை மருத்துவர் வில்லியம் சல்லிவன், குடிக்கு அடிமையான 120 பெண்களின் 600 பிள்ளைகளைக் கணக்கெடுத்தார். பாதிக்கு மேல் இறந்தே பிறந்தவை, அல்லது இரண்டு வயதுக்குள் போய்விட்டவை. ஆனால் வயிற்றில் பிள்ளையோடு சிறைக்குள் வந்து, குடிக்க வழியில்லாமல் இருந்த சிலருக்கு நல்ல பிள்ளை பிறந்ததையும் அவர் எழுதிவைத்தார். எந்த மாதத்தில் நிறுத்தினாலும் மிச்சமுள்ள மாதங்கள் பிள்ளைக்கு லாபம். ஒரே ஓர் எச்சரிக்கை: தினமும் நிறையக் குடித்துப் பழகியவர் தானாகத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். அவர் ஆஸ்பத்திரியில் இருந்துகொண்டுதான் நிறுத்த வேண்டும்.

ஆகவே கேள்வி முக்கியம். எல்லாக் கர்ப்பிணிகளிடமும், முடிந்தவரை சீக்கிரமாகவும், வருகிற ஒவ்வொரு முறையும் கேட்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2016 வழிகாட்டி. எல்லாரிடமும் கேட்டால் யாரையும் சந்தேகிப்பதாக ஆகாது. எப்படிக் கேட்பது என்பதிலும் நுட்பம் உண்டு. அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் மருத்துவர் ராபர்ட் சோகோல் 1989-இல் கர்ப்பிணிகளுக்கென்றே நான்கு கேள்விகள் வகுத்தார். எவ்வளவு குடிக்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. எத்தனை குடித்தால் போதை ஏறும் என்று கேட்டார். அளவைக் கேட்டால் குறைத்துச் சொல்கிறவர்கள் இதற்கு உள்ளதைச் சொல்லிவிடுவார்கள்.

நம் ஊருக்கு இன்னொரு கேள்வியும் வேண்டும்: "வீட்டுக்காரர் குடிப்பாரா?" தமிழ்நாட்டில் ஆண்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் குடிக்கிறார். கூலிப் பணம் மதுக்கடையில் போனால் கர்ப்பிணியின் தட்டில் முட்டையும் கீரையும் குறையும். ராத்திரி அடியும் வசவும் விழுந்தால் பிரஷர் பட்டை மறுநாள் காட்டும் எண்ணுக்கு மாத்திரை மட்டும் மருந்தாகாது. ஆணின் குடி கருவை நேராகவே தொடலாம் என்றும் அமெரிக்காவின் டெக்சாஸில் ஆய்வாளர் மைக்கேல் கோல்டிங் குழுவின் எலி ஆய்வுகள் காட்டுகின்றன. மனிதரில் அது இன்னும் உறுதிப்படவில்லை.

இதற்கெல்லாம் புதிதாக ஓர் அமைப்பு தேவையில்லை. புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரிலான மகப்பேறு உதவித் திட்டத்தில், ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாகச் சேர்த்து 18,000 ரூபாய் கிடைக்கிறது. பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்யச் சொல்லும் திட்டம் அது. அதனால் பெண்கள் சீக்கிரமே வந்துவிடுகிறார்கள். வீட்டையும் வீட்டுக்காரரையும் பெயர் சொல்லித் தெரிந்த கிராம சுகாதாரச் செவிலியர் இருக்கிறார். மனநல உதவிக்கு 14416 என்ற இலவச எண் இருக்கிறது.

இல்லாதது தனிமை. பெஞ்சில் நாலு பேர் காதுபட எந்தப் பெண்ணும் வாய் திறக்கமாட்டாள். மாத்திரை வாங்கிவர மாமியாரை அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, பதிவு அட்டையை மூடி வைத்துவிட்டுக் கேட்கவேண்டும். "எல்லார்கிட்டயும் கேக்குறதுதாம்மா. எதுவா இருந்தாலும் சொல்லு, நான் திட்டமாட்டேன்." அதற்கு இரண்டு நிமிடம் ஆகும். மாமியார் மாத்திரை வரிசையிலிருந்து திரும்ப ஐந்து நிமிடமாவது ஆகும்.