சீருடை போட்டால் நர்ஸ் ஆகிவிட முடியுமா?
மகளை நர்சிங் படிக்க அனுப்பும் உறுப்பினர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை



பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் குழுக் கூட்டத்தில் ஒரு பேச்சு அடிபடும். "எம் பொண்ணுக்கு நர்சிங் சீட்டு கிடைச்சிருக்கு, ஐம்பதாயிரம் உள்கடன் வேணும்." கேட்கவே சந்தோஷமான விஷயம். படித்தவுடன் வேலை, கைநிறையச் சம்பளம், நாலு பேருக்கு உதவி. யார்தான் வேண்டாம் என்பார்கள்?

ஆனால் கறவை மாட்டுக்குக் கடன் கேட்டால் நாம் என்ன செய்கிறோம்? பல்லைப் பார்க்கிறோம், மடியைப் பார்க்கிறோம், எத்தனையாவது ஈத்து என்று கேட்கிறோம். ஊக்குநரும் பிரதிநிதியும் நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் தீர்மானம் எழுதுகிறோம். ஒரு பெண்ணின் வாழ்க்கையையே தீர்மானிக்கும் படிப்புக்கு மட்டும், சுவரொட்டியையும் ஏஜெண்டு சொன்ன பேச்சையும் நம்பிப் பணம் கட்டிவிடலாமா?

அதனால் இந்த மாதம் நர்சிங் படிப்பு, வேலை, அந்த வேலையில் மரியாதை, உடல்நலம் இவற்றைப் பற்றிப் பார்ப்போம்.

நர்ஸ் என்றால் யார்?

வெள்ளைச் சீருடை போட்டவர்கள் எல்லாம் நர்ஸ் இல்லை. படித்துத் தேறி, நர்சிங் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்தவர்தான் நர்ஸ். நம் மாநிலத்தில் இந்தப் பதிவைச் செய்வது தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சில். 1926-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏற்பட்டது இது. பதிவு எண் இல்லாமல் அரசு நர்ஸ் வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. வெளிநாடு போவது பற்றி நினைக்கவே முடியாது.

பதிவு செய்யத் தகுதியுள்ள முக்கியமான படிப்புகள் மூன்று.

1. ஏ.என்.எம். – 2 ஆண்டு. தாய் சேய் நலம், தடுப்பூசி, கிராம சுகாதாரம் இதில் முக்கியம். நம் ஊர் துணை சுகாதார நிலையத்து நர்சம்மாவின் வேலைக்கு அடிப்படை இந்தப் பயிற்சிதான். சமவெளியில் 5,000 பேருக்கும், மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை நிலையம் என்பது அரசின் கணக்கு. அத்தனை பேரின் பிரசவக் கணக்கும் தடுப்பூசிக் கணக்கும் அந்த அம்மாவின் பையில்தான் இருக்கிறது.

2. ஜி.என்.எம். – 3 ஆண்டு டிப்ளமோ. மருத்துவமனை வார்டு வேலைக்கான படிப்பு.

3. பி.எஸ்ஸி. நர்சிங் – 4 ஆண்டு பட்டப்படிப்பு. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். அதனால் பத்தாவது முடித்து குரூப் எடுக்கும்போதே இதை யோசிக்க வேண்டும். ஜி.என்.எம். முடித்தவர்களும் பிறகு 2 ஆண்டு படித்துப் பட்டம் வாங்கலாம்.

"ஆறே மாசத்துல நர்ஸ் ஆகலாம்", "பத்தாவது ஃபெயில் ஆனாலும் நர்சிங்" என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். இவை உதவியாளர் பயிற்சிகள். உதவியாளர் வேலை கேவலமான வேலை இல்லை. வயதானவர்களைப் பார்த்துக்கொள்ள, நோயாளியைக் குளிப்பாட்ட ஆட்கள் தேவைதான். ஆனால் அந்தச் சான்றிதழை வைத்து நர்சாகப் பதிவு செய்ய முடியாது. ஊசி போடவும் மருந்து கொடுக்கவும் தகுதி கிடையாது. உதவியாளர் பயிற்சியை நர்சிங் என்று சொல்லி, நர்சிங் படிப்புக்கான கட்டணத்தை வாங்குவதுதான் மோசடி.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. மாநில நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா? இந்திய நர்சிங் கவுன்சிலின் பட்டியலில் பெயர் இருக்கிறதா? இரண்டு கவுன்சில்களின் பட்டியலும் இணையதளத்தில் இருக்கிறது. இ-சேவை மையத்தில் அல்லது பிள்ளைகளின் செல்போனில் பார்க்கலாம். (இந்திய கவுன்சில் 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது. அதன் இடத்தில் தேசிய ஆணையம் அமைக்க 2023-ல் புதுச் சட்டம் நிறைவேறியது. பெயர் எதுவானாலும் நாம் கேட்க வேண்டியது அங்கீகாரம்தான்.)

2. அங்கீகாரம் எந்தப் படிப்புக்கு, எந்த ஆண்டுக்கு, எத்தனை சீட்டுக்கு? பழைய கடிதத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பார்கள். இந்த ஆண்டுக்கு உண்டா என்று கேளுங்கள். பி.எஸ்ஸி. என்றால் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்ததா என்றும் பாருங்கள்.

3. பயிற்சி எந்த மருத்துவமனையில்? புத்தகம் படித்து மட்டும் நர்ஸ் ஆக முடியாது. நோயாளியே இல்லாத மருத்துவமனையில் பயிற்சி என்றால், நீச்சலைக் கரையில் உட்கார்ந்து கற்ற கதைதான். முடிந்தால் ஒரு நடை போய்ப் பார்த்து வாருங்கள்.

4. மொத்தக் கட்டணம் எவ்வளவு? விடுதி, சீருடை, தேர்வுக் கட்டணம், பஸ் எல்லாம் சேர்த்து எழுத்தில் வாங்குங்கள். ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வேண்டும்.

5. அசல் சான்றிதழ்களை எப்போது திருப்பித் தருவார்கள்? கொடுக்கும்போதே எழுத்தில் ஒப்புகை வாங்குங்கள். நகல் எடுத்து வீட்டில் வையுங்கள்.

வெளி மாநிலத்தில் சீட்டு வாங்கித் தருகிறேன் என்று வரும் ஏஜெண்டிடமும் இதே கேள்விகளைக் கேளுங்கள். அங்கே படித்தால் அந்த மாநிலக் கவுன்சிலில் பதிய வேண்டும். பிறகு இங்கே வேலை பார்க்கத் தமிழ்நாடு கவுன்சிலிலும் பதிய வேண்டும்.

பணத்துக்கு வழி

முதலில் வங்கிக் கல்விக் கடனைக் கேளுங்கள். 4 லட்சம் ரூபாய் வரை சொத்து அடமானம் தேவையில்லை. அங்கீகாரம் இல்லாத படிப்புக்கு வங்கி கல்விக் கடன் தராது. மேலாளர் அந்தக் காரணம் சொல்லி மறுத்தால் கோபப்படாதீர்கள். அதையே எச்சரிக்கை மணியாக எடுத்துக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியது. இப்போதைய விதிகளைத் தலைமை ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குழுவின் உள்கடனை விடுதி, சீருடை போன்ற சில்லறைச் செலவுக்கு வைத்துக்கொண்டால் குடும்பத்துக்குப் பாரம் குறையும்.

படிப்பு கற்றுத் தரும் நடத்தை

நர்ஸ் வேலையில் பாதி கைத்திறமை, மீதி நடத்தை. மருந்து கொடுக்கும் முன் ஐந்து விஷயங்களைச் சரிபார்க்க வேண்டும் என்று பயிற்சியிலேயே மனதில் பதிய வைப்பார்கள். சரியான நோயாளியா, சரியான மருந்தா, சரியான அளவா, சரியான வழியா (வாய் வழியா, ஊசியா), சரியான நேரமா? இதில் ஒன்று தவறினாலும் ஓர் உயிருக்கு ஆபத்து வரலாம்.

அடுத்தது ரகசியம். யாருக்கு என்ன நோய், யாருக்குக் கரு கலைந்தது என்பதை வெளியே பேசக் கூடாது. நோயாளியைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடக் கூடாது. சோதிக்கும்போது திரை போட வேண்டும். "ஏய் கிழவி" என்று கூப்பிடாமல் பெயர் சொல்லி, அம்மா என்று சொல்லிக் கூப்பிட வேண்டும். டூட்டி முடிந்து போகும்போது அடுத்து வருபவரிடம் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் சொல்லி, எழுதி ஒப்படைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

இந்த வேலைக்கு மரியாதை சும்மா வரவில்லை. "கண்டவனைத் தொட்டுப் பார்க்கிற வேலை, குடும்பப் பொண்ணுக்கு ஆகாது" என்று சொன்ன காலம் உண்டு. அந்தக் காலத்தில்தான் வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடரின் மருத்துவமனையில் 1909-ல் நர்சிங் பள்ளி தொடங்கியது. 1946-ல் அங்கேயே நர்சிங் பட்டப்படிப்பும் வந்தது. படிப்பு வந்த பிறகுதான் மரியாதையும் வந்தது.

வேலையில் சேரும்போது

நியமன உத்தரவு எழுத்தில் வேண்டும். சம்பளம், வேலை நேரம், வார விடுமுறை அதில் இருக்க வேண்டும். "ரெண்டு வருஷம் இங்கதான் இருப்பேன்" என்று பத்திரத்தில் கையெழுத்து கேட்டால், படித்துப் பார்க்காமல் போட வேண்டாம். அசல் சான்றிதழைக் காட்டலாம். சரிபார்த்த பிறகு திரும்ப வாங்கி வர வேண்டும். சான்றிதழ் மாட்டிக்கொண்டதால் குறைந்த சம்பளத்துக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கும் பெண்கள் இருக்கிறார்கள்.

சம்பளம் பற்றி ஒரு செய்தி. 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில் மத்திய அரசு ஒரு நிபுணர் குழு அமைத்தது. 50 படுக்கைக்கும் குறைவான தனியார் மருத்துவமனையில்கூட நர்ஸ் சம்பளம் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று அந்தக் குழு பரிந்துரை செய்தது. பரிந்துரைதான், சட்டம் இல்லை. ஆனால் கேரளத்து நர்சுகள் ஒன்றுசேர்ந்து போராடி, 2018-ல் குறைந்தபட்சச் சம்பளம் 20,000 ரூபாய் என்று அரசாணை வாங்கினார்கள். தனியாகக் கேட்டால் கிடைக்காதது சேர்ந்து கேட்டால் கிடைக்கும். இது குழுப் பெண்களான நமக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

பிடித்தம் செய்தால் பி.எஃப். எண், ஈ.எஸ்.ஐ. எண் கேட்டு வாங்க வேண்டும். தகுதியுள்ளவர்களுக்கு முதல் இரண்டு பிரசவத்துக்குச் சம்பளத்தோடு 26 வார விடுப்பு என்பது 2017 முதல் உள்ள உரிமை.

தொல்லை வந்தால் வாய்மூடி இருக்க வேண்டாம்

மும்பை கே.ஈ.எம். மருத்துவமனையில் அருணா ஷான்பாக் என்ற நர்ஸ் 1973 நவம்பரில் அதே மருத்துவமனையின் துப்புரவு ஊழியர் ஒருவனால் கொடூரமாகத் தாக்கப்பட்டார். மூளை பாதிக்கப்பட்டு, 2015 மே மாதம் இறக்கும்வரை படுத்த படுக்கையாகவே இருந்தார். ஏறத்தாழ 41 ஆண்டு அவரைத் தலைமுறை தலைமுறையாகக் கவனித்துக்கொண்டவர்கள் அங்கிருந்த நர்சுகள். அந்தப் பராமரிப்பை உச்ச நீதிமன்றமே 2011-ல் பாராட்டியது.

அருணாவுக்கு அன்று இல்லாத ஒரு சட்டம் இன்று இருக்கிறது. பணியிடத்தில் பெண்களுக்குப் பாலியல் தொல்லையைத் தடுக்க 2013-ல் வந்த சட்டம் அது. 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு கட்டாயம். அதற்குத் தலைவர் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள். வெளியிலிருந்து ஒருவரும் இருக்க வேண்டும். பயிற்சியில் இருக்கும் பெண்களும் புகார் தரலாம். நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். சிறிய இடம் என்றாலோ, முதலாளி மீதே புகார் என்றாலோ, மாவட்ட அளவில் உள்ள குழுவிடம் போகலாம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் வழி கேட்கலாம். அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181.

கல்லூரியில் சீனியர்கள் ராகிங் செய்தால், 1997-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி குற்றம். நோயாளியின் ஆட்கள் நர்சை அடித்தால், 2008-ஆம் ஆண்டு மருத்துவப் பணியாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மகள் போனில் அழுதால், "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதீர்கள். என்ன நடந்தது, என்று நடந்தது, யார் பார்த்தார்கள் என்று தேதி போட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

உடம்பும் மனசும்

குத்திய ஊசி கையில் பட்டால்: உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவ வேண்டும். பிதுக்கக் கூடாது, விரலை வாயில் வைக்கக் கூடாது. மறைக்காமல் உடனே மேலதிகாரியிடம் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பலன் இல்லை. திட்டுவார்கள் என்று பயந்து மறைப்பதில்தான் ஆபத்து. வேலைக்குச் சேரும் முன்பே ஹெப்படைடிஸ் பி தடுப்பூசி 3 தவணையும் போட்டிருக்க வேண்டும்.

முதுகு: கனமான நோயாளியைத் தனியாகத் தூக்கக் கூடாது. இன்னொருவரைக் கூப்பிட்டு, முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்துத் தூக்க வேண்டும். வேலை மும்முரத்தில் தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கிக்கொண்டு நிற்பதும் நோயில் கொண்டுபோய் விடும்.

மனசு: சாவை அடிக்கடி பார்க்கிற வேலை இது. தூக்கம் வராமல், யாரோடும் பேசப் பிடிக்காமல் இருந்தால் 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் பேசலாம். இதில் வெட்கம் எதுவும் இல்லை.

இதில் நம் பங்கும் உண்டு. நைட் டூட்டி பார்த்துவிட்டு வரும் மகளையோ மருமகளையோ, "பகல்ல என்ன தூக்கம்?" என்று எழுப்பி மாவாட்டச் சொல்வது நியாயமா? ராத்திரி பூராவும் கண்விழித்தவளுக்குப் பகல்தான் ராத்திரி. கதவைச் சாத்தி, டிவி சத்தத்தைக் குறைத்து, சாப்பாட்டை மூடி வையுங்கள். அவள் தூக்கம் கெட்டால், அடுத்த டூட்டியில் மருந்தளவு தப்பலாம்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் நினைவில் வையுங்கள். டாக்டர் வரத் தாமதமானால் நாம் கத்துவது நர்சிடம்தான். கேட்க வேண்டியதைக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. மரியாதையாகக் கேளுங்கள், அவரும் யாரோ ஒரு குழு உறுப்பினர் கடன் வாங்கிப் படிக்க வைத்த மகளாக இருக்கலாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச:

• நம் குழுவில் யாருடைய மகள் நர்சிங் படிக்கிறாள்? அந்தக் கல்லூரியின் அங்கீகாரத்தைப் பார்த்தோமா?
• படிப்புக் கடன் கேட்டால், மேலே சொன்ன ஐந்து கேள்விகளுக்கும் பதில் வந்த பிறகே பணம் தருவது என்று தீர்மானம் போடலாமா?
• நம் ஊர் நர்சம்மாவை ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டு, அவர் படித்த கதையையும் பட்ட கஷ்டத்தையும் நம் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்லலாமா?