இஹ்ராம் ஆடையும் கடவுச்சீட்டும்

சில ஆண்டுகளுக்கு முன்பு என் தாயாரை ஹஜ் பயணத்துக்கு அழைத்துச் சென்றிருந்தேன். மினாவில் கல்லெறியும் கடமையை முடித்துக்கொண்டு கூடாரத்துக்குத் திரும்பும் வழியில், வெயில் தாங்காமல் அவர் மயங்கி விழுந்தார். அருகில் நடந்துகொண்டிருந்த பெண்மணி ஒருவர் ஓடிவந்து தம் குடையை அவர் முகத்துக்கு மேல் பிடித்தார். தண்ணீர் போத்தலைத் திறந்து என் கையில் கொடுத்தார். அவர் நைஜீரியர் என்பதை உடையின் முதுகுப்புறத்தில் அச்சிடப்பட்டிருந்த நாட்டின் பெயரைக் கொண்டே அறிந்தேன். அவர் எங்களை எந்த நாட்டினர் என்று கேட்கவில்லை.

சில நிமிடங்களில் தன்னார்வலர் ஒருவர் வந்தார். தாயாரின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத்தான் அவர் முதலில் பார்த்தார். “ஹிந்தி?” என்று கேட்டார். அரபு மொழியில் அச்சொல்லுக்கு ‘இந்தியர்’ என்று பொருள். ஆம் என்றதும், முகாம் எண்ணைக் குறித்துக்கொண்டு சக்கர நாற்காலி வரவழைத்தார். இந்திய மருத்துவர்கள் பணியாற்றிய சிகிச்சை மையத்தில் ஒரு மணி நேரத்தில் தாயார் தேறிவிட்டார். அந்தக் கேள்வியில் பகைமை ஏதுமில்லை. அந்த அட்டையால்தான் உதவி விரைந்து வந்தது. எனினும், கழுத்தில் அட்டை இல்லாமலிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி அன்றிலிருந்து என்னைவிட்டு அகலவில்லை.

ஆண்கள் தைக்கப்படாத இரண்டு வெள்ளைத் துணிகளை உடுத்துவதே இஹ்ராம். செல்வம், பதவி, குலம், நாடு ஆகிய அனைத்தையும் களைந்துவிட்டு இறைவன் முன் நிற்பதன் அடையாளம் அது. ஆனால், அந்த வெள்ளைத் துணியின் மேல் நாட்டின் பெயர் பொறித்த அட்டை ஒன்று தொங்குகிறது. தங்குமிடம், கூடாரம், பேருந்து, மருத்துவம் ஆகியவற்றைப் பெருமளவு அந்த அட்டையே தீர்மானிக்கிறது.

பழமையான ஏற்பாடு

பயணிகளை நாடுவாரியாகப் பிரிப்பது இன்று தோன்றிய வழக்கமன்று. மக்காவில் ‘முதவ்விஃப்’ எனப்படும் வழிகாட்டிகள் பல தலைமுறைகளாக இத்தொழிலைச் செய்துவந்தனர். ஒவ்வொரு குடும்பமும் குறிப்பிட்ட நிலப்பகுதியிலிருந்து வருவோருக்குப் பொறுப்பேற்றது. அந்தப் பயணிகளின் மொழியும் உணவும் அவர்களுக்குத் தெரிந்திருந்தன. இந்தியப் பயணிகள் இவர்களை ‘முஅல்லிம்’ என்று அழைத்தனர். பின்னாளில் இக்குடும்பங்கள் தெற்காசியா, தென்கிழக்காசியா, அரபு நாடுகள், ஈரான், அரபு அல்லாத ஆப்பிரிக்கா, துருக்கி மற்றும் மேலை நாடுகள் என்று வட்டாரவாரியான நிறுவனங்களாகத் தொகுக்கப்பட்டன.

ஊர்ப்பற்றும் இந்தப் பிரிவினைக்குத் துணைநின்றது. ஹைதராபாத் நிஜாமின் பெயரால் மக்காவில் உள்ள ‘ரூபாத்’ எனும் இலவச விடுதி இதற்குச் சான்று. பழைய நிஜாம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து வருவோர் மட்டுமே, குலுக்கல் முறையில், அங்கே தங்க முடியும். அரசு மறைந்து பல பத்தாண்டுகள் ஆன பின்னும் அதன் எல்லை மக்காவில் உயிரோடிருக்கிறது.

இத்தகைய பிரிவினையை முற்றிலும் தவறு என்று சொல்லிவிட இயலாது. ஏறத்தாழ 20 லட்சம் மனிதர்கள், நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளோடு, ஐந்தாறு நாட்களில் ஒரே பள்ளத்தாக்கைக் கடந்து செல்கின்றனர். வழிதவறிய முதியவரை அவருடைய மொழி அறிந்தவரிடம் சேர்ப்பதற்கு ஓர் அடையாளம் வேண்டும். சிக்கல், அந்த அடையாளம் வசதிக்கான குறிப்பாக நின்றுவிடாமல் மதிப்பின் அளவுகோலாக மாறும்போது தொடங்குகிறது.

அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸின் அனுபவம் இதை நன்கு விளக்கும். 1964இல் ஜித்தாவில் இறங்கிய அவர், அமெரிக்கக் கடவுச்சீட்டு வைத்திருந்ததாலும் அரபு மொழி அறியாததாலும் உண்மையான முஸ்லிம்தானா என்ற ஐயத்துக்கு உள்ளாகித் தடுத்துவைக்கப்பட்டார். செல்வாக்கு மிக்க குடும்பம் ஒன்றின் தலையீட்டுக்குப் பிறகே அவருக்கு வழி பிறந்தது. பின்னர் அரசு விருந்தினராகவே ஹஜ்ஜை நிறைவேற்றினார். நிறவேறுபாடற்ற சகோதரத்துவத்தை மக்காவில் கண்டதாக அவர் எழுதிய கடிதம் உலகப் புகழ்பெற்றது. அவர் கண்டது உண்மை. வாசலில் அவர் தடுக்கப்பட்டதும் உண்மை.

ஒதுக்கீடும் அரசியலும்

1988இல் அம்மானில் கூடிய இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் வெளியுறவு அமைச்சர்கள், ஒவ்வொரு நாட்டுக்கும் அதன் முஸ்லிம் மக்கள்தொகையில் பத்து லட்சத்துக்கு ஆயிரம் பேர் என்று ஒதுக்கீட்டை வகுத்தனர். எண்ணிக்கையில் இது நீதியான கணக்கு. நடைமுறையிலோ, ஒரு மனிதரின் காத்திருப்புக் காலத்தை அவர் பிறந்த நாடு தீர்மானிக்கிறது. 2025இல் 2,21,000 இடங்களைப் பெற்ற இந்தோனேசியாவில்கூட, பதிவுசெய்தவர் முறை வருவதற்குப் பல பத்தாண்டுகள் காத்திருக்க நேர்கிறது. இளமையில் பெயர் கொடுத்தவர் முதுமையில் விமானம் ஏறுகிறார்.

இந்த ஒதுக்கீட்டின் பின்னணியில் கசப்பான நிகழ்வு ஒன்று இருந்தது. 1987 ஜூலை 31 அன்று மக்காவில் ஈரானியப் பயணிகளின் ஆர்ப்பாட்டத்துக்கும் சவுதி பாதுகாப்புப் படையினருக்கும் இடையே நேர்ந்த மோதலில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அடுத்த ஆண்டு இரு நாடுகளின் தூதரக உறவு முறிந்தது. 1988 முதல் 1990 வரை ஈரானியர்கள் ஹஜ்ஜுக்கு வரவில்லை. 2015இல் மினா நெரிசலில் 464 ஈரானியர்கள் உயிரிழந்த பிறகு, 2016லும் அதே நிலை. 2017இல் கத்தார் மீது அண்டை நாடுகள் தடை விதித்தபோது, கத்தார் பயணிகளின் ஹஜ்ஜும் இரு அரசுகளுக்கிடையிலான வாதப்பொருளானது. சண்டையிட்டவை அரசுகள், பயணம் தவறியது வாழ்நாள் சேமிப்பைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்த மனிதர்களுக்கு.

இறப்பிலும் நாட்டுக் கணக்கு தொடர்கிறது. 2015 மினா நெரிசலில் இறந்தோர் 769 பேர் என்று சவுதி அரசு அறிவித்தது. தத்தம் குடிமக்களின் இறப்பு குறித்து ஒவ்வொரு நாடும் வெளியிட்ட எண்ணிக்கையைச் செய்தி முகமை ஒன்று கூட்டிப் பார்த்தபோது, அது 2,400ஐத் தாண்டியது. தன் மக்களைத் தேடிக் கணக்கெடுக்கும் வலு எல்லா நாடுகளுக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை.

அனுப்பும் நாட்டின் பங்கு

பயணிகள் குறைபட்டுக்கொள்ளும்போது சவுதி அதிகாரிகளையே பெரும்பாலும் சாடுகிறோம். அதில் நியாயம் இல்லாமலில்லை. வளைகுடாவில் தெற்காசியர் என்றாலே கூலித் தொழிலாளர் என்று கருதும் பார்வை, சில வேளைகளில் விடுதி வரவேற்பறை வரை வந்து நிற்பதை நானே உணர்ந்திருக்கிறேன். ஆனால், ஆழ்ந்து பார்த்தால், ஒரு பயணி நடத்தப்படும் விதத்தில் பாதியை அவருடைய சொந்த நாடு எழுதிக் கொடுத்துவிடுகிறது.

மலேசியாவில் 1963இல் தொடங்கப்பட்ட ‘தாபுங் ஹாஜி’ நிறுவனம், எளிய மக்கள் சிறுகச் சிறுகச் சேமிக்கவும், அச்சேமிப்பின் முதலீட்டு வருவாயைக் கொண்டு பயணச் செலவைத் தாங்கவும் வழிசெய்தது. உறைவிடம், உணவு, மருத்துவம் ஆகியவற்றையும் அதுவே மேற்பார்வையிடுகிறது. 2017இல் தொடங்கிய ‘மக்கா வழித்தட’த் திட்டத்தின்படி மலேசியா, இந்தோனேசியா, பாகிஸ்தான் உள்ளிட்ட சில நாடுகளின் பயணிகள், சவுதி குடியேற்றச் சோதனையைத் தங்கள் விமான நிலையத்திலேயே முடித்துக்கொள்கின்றனர். ஜித்தாவில் இறங்கியதும் அவர்கள் நேரே பேருந்துக்குச் செல்ல, மற்ற நாட்டினர் வரிசையில் நிற்கின்றனர். இங்கே வேறுபாட்டை உண்டாக்குவது இரு அரசுகளுக்கிடையிலான ஒப்பந்தம்.

இந்தியாவிடமிருந்து இரண்டு எடுத்துக்காட்டுகளைக் கூறலாம். முதலாவது, நற்செய்தி: 45 வயதைக் கடந்த பெண்கள், நெருங்கிய ஆண் உறவினர் துணையின்றி, நால்வர் கொண்ட குழுவாகச் செல்ல 2018 முதல் இந்தியா அனுமதித்தது. குழுவாக வரும் அந்த வயதுப் பெண்களுக்குச் சவுதி விதிகள் அதற்கு முன்பே இடமளித்திருந்தன. வாசல் திறந்திருந்தும் நம் வீட்டுத் தாழ்ப்பாள்தான் போடப்பட்டிருந்தது.

இரண்டாவது, துயரச் செய்தி. 2025இல் இந்தியாவின் ஒதுக்கீடு 1,75,025. இதில் 1,22,518 இடங்கள் ஹஜ் கமிட்டிக்கும், எஞ்சிய 52,507 இடங்கள் தனியார் பயண அமைப்பாளர்களுக்கும் பிரித்தளிக்கப்பட்டன. மினா கூடாரம், தங்குமிடம், போக்குவரத்து ஆகியவற்றுக்கான ஒப்பந்தங்களைத் தனியார் குழுக்கள் உரிய காலத்துக்குள் முடிக்கவில்லை என்று ஒன்றிய அரசு கூறியது. அரசுத் தரப்பின் பேச்சுவார்த்தைக்குப் பிறகு 10,000 பேருக்கு மட்டும் வழி திறந்தது. ஏனைய நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு அந்த ஆண்டு ஹஜ் கைநழுவிப்போனது. காலக்கெடு எல்லா நாடுகளுக்கும் உண்டு. அதைத் தவறவிட்டதன் விலையைக் கொடுத்தவர்கள், பணத்தை முன்கூட்டியே செலுத்தியிருந்த பயணிகள்.

அட்டை இல்லாதவர்கள்

நாட்டின் ஏற்பாட்டுக்குள் வராதவரின் நிலை இன்னும் கொடியது. 2024 ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பநிலை 51.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. 1,301 பேர் இறந்ததாகச் சவுதி அரசு அறிவித்தது. அவர்களில் 83 விழுக்காட்டினர் ஹஜ் அனுமதி இல்லாமல் வந்தவர்கள். இறந்தோரில் எகிப்தியர் ஏராளம். எகிப்து நாணயத்தின் மதிப்புச் சரிந்து, முறையான பயணத்தின் கட்டணம் எட்டாத உயரத்துக்குச் சென்ற நேரம் அது. முகவர்கள் சிலர் சுற்றுலா விசாவில் மக்களை அழைத்துச் சென்றிருந்தனர்.

அனுமதி இல்லாதவருக்குக் குளிரூட்டப்பட்ட கூடாரம் இல்லை, பேருந்தில் இடமில்லை. கொதிக்கும் சாலையில் பல கிலோமீட்டர் நடப்பது ஒன்றே வழி. பிடிபட்டால் நாடு கடத்தப்படுவோம் என்ற அச்சத்தில் மருத்துவ உதவியை நாடவும் தயங்குவர். பின்னர் எகிப்து அரசு 16 பயண நிறுவனங்களின் உரிமத்தை ரத்துசெய்தது. அனுமதி முறை அவசியம் என்பதை நான் மறுக்கவில்லை. கூட்டம் அளவு மீறினால் நேரும் விபரீதத்தை மினா பலமுறை கண்டிருக்கிறது. ஆனால், கூடாரத்துக்கு அனுமதி கேட்கலாம். நிழலுக்கும் தண்ணீருக்குமா கேட்பது?

பிற வாசல்களில்

இது மக்காவுக்கு மட்டும் உரிய நிலையன்று. இஸ்லாத்தின் மூன்றாவது புனிதத் தலமான அல்-அக்ஸா பள்ளிவாசல் ஜெருசலேமில் உள்ளது. இஸ்ரேலுடன் தூதரக உறவே இல்லாத இந்தோனேசியாவிலிருந்து பயணக் குழுக்கள் அங்கு சென்று தொழுதிருக்கின்றன. ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெத்லகேமில் வாழும் பாலஸ்தீன இளைஞரால் அவ்வாறு எளிதில் செல்ல முடியாது. 2024 ரமலானில் மேற்குக் கரையிலிருந்து 55 வயதைக் கடந்த ஆண்களும், 50 வயதைக் கடந்த பெண்களும், 10 வயதுக்குட்பட்ட குழந்தைகளும் மட்டுமே, அதுவும் அனுமதிச்சீட்டுடன், அனுமதிக்கப்பட்டனர். அங்கே அருகில் வாழ்வதே தடையாகிவிடுகிறது.

நம் வாசலும் விலக்கன்று. அஜ்மீர், டெல்லி நிஜாமுத்தீன் உள்ளிட்ட தர்காக்களுக்குப் பாகிஸ்தான் பயணிகள் குழுவாக வந்துசெல்ல 1974ஆம் ஆண்டு உடன்படிக்கை வழிவகுக்கிறது. ஆயினும், இரு நாட்டு உறவு கசக்கும்போதெல்லாம் அந்த விசாக்களும் உலர்ந்துவிடுகின்றன. மக்காவின் வாயிலில் நமக்குச் சமத்துவம் கோரும் நாம், நம் வாயிலுக்கு வருவோரை எந்தக் கண்ணால் பார்க்கிறோம் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

குறைந்தபட்ச நீதி

கடவுச்சீட்டே இல்லாத ஹஜ்ஜை இன்றைய உலகில் கற்பனை செய்வது கடினம். எனினும், மூன்று கோரிக்கைகளை முன்வைக்கலாம். முதலாவது, தண்ணீர், நிழல், அவசர சிகிச்சை ஆகிய மூன்றும் அனுமதி உள்ளவர், அற்றவர் என்ற வேறுபாடின்றிக் கிடைப்பதும், சிகிச்சைக்கு வந்தவர் அந்த இடத்தில் கைது செய்யப்படமாட்டார் என்ற உறுதியும். இரண்டாவது, பேரிடர்களில் இறந்தோரின் பெயர்ப் பட்டியலை, எல்லா நாடுகளின் பிரதிநிதிகளும் இணைந்து சரிபார்த்து வெளியிடுவது. மூன்றாவது நம் கையில் உள்ளது: ஒதுக்கீட்டில் எத்தனை இடங்கள் பெற்றோம் என்று பெருமை பேசுவதோடு நில்லாமல், அந்த இடங்கள் உரியவருக்குச் சேர்ந்தனவா, தவறியிருந்தால் பொறுப்பு யாருடையது, செலுத்திய பணம் திரும்பியதா என்பதை ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் அரசு விளக்குவது.

என் தாயார் இன்றும் அந்தப் பயணத்தைப் பற்றிப் பேசுவதுண்டு. தன்னார்வலரின் கேள்வி அவர் நினைவில் இல்லை; அப்போது அவர் கண் திறந்திருக்கவில்லை. கண் விழித்தபோது முகத்துக்கு மேல் விரிந்திருந்த ஒரு குடையை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார். அதைப் பிடித்திருந்தவரின் பெயரைக் கேட்டறியாமல் வந்துவிட்டோமே என்று இன்னமும் என்னைக் கடிந்துகொள்கிறார்.