4 மாதம் தூங்கிய ஸ்போர்ட்ஸ் கார்: சாவியைத் திருப்பும் முன் என்னவெல்லாம் பார்க்கணும்?

ஜெர்மனியில் சில கார்களின் நம்பர் பிளேட்டைக் கவனித்தால், வலது ஓரத்தில் இரண்டு எண்கள் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும். உதாரணமாக, மேலே 03, கீழே 10. அந்தக் கார் மார்ச் 1 முதல் அக்டோபர் 31 வரை மட்டும்தான் ரோட்டுக்கு வரலாம் என்று அர்த்தம். மீதி 4 மாதம் ஓட்டவும் கூடாது, ரோட்டோரம் நிறுத்தவும் கூடாது.

1997-ல் அறிமுகமான இந்த 'சீசன் நம்பர் பிளேட்' முறையில், குறைந்தபட்சம் 2 மாதம் முதல் அதிகபட்சம் 11 மாதம் வரை ஓட்டும் காலத்தைத் தேர்வு செய்யலாம். வாகன வரியும் அந்த மாதங்களுக்கு மட்டும்தான். அதனால் ஸ்போர்ட்ஸ் கார், கன்வெர்ட்டிபிள், பைக் வைத்திருப்பவர்களிடம் இது ரொம்பப் பிரபலம்.

மார்ச் 1 காலையில் கராஜ் கதவு திறக்கிறது. போர்வையை உருவியதும் நான்கு மாதமாகக் கேட்காத அந்த எஞ்சின் சத்தத்தைக் கேட்கணும் என்று கை பரபரக்கும். ஆனால், லட்சக்கணக்கில் செலவு வைக்கும் தவறுகள் பல நடப்பதும் இந்த அவசரத்தில்தான்.

ஏன் குளிர்காலத்தில் பூட்டி வைக்கிறார்கள்?

முதல் காரணம் உப்பு. பனி உறையாமல் இருக்க ரோட்டில் உப்பைக் கொட்டுவார்கள். அது காரின் அடிப்பாகத்தில் ஒட்டி இரும்பை அரித்துவிடும்.

இரண்டாவது காரணம் டயர். ஸ்போர்ட்ஸ் கார்களில் இருக்கும் கோடைக்கால டயரின் ரப்பர், சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் இறுகத் தொடங்கும். ரோட்டைப் பிடிக்கும் சக்தி குறையும். 400 குதிரைத் திறன் பின் சக்கரத்துக்குப் போகிற காரில் இது விளையாட்டு இல்லை.

பேட்டரி ஏன் முதலில் சாகிறது?

கார் நின்றாலும் அதற்குள் எல்லாமே தூங்குவதில்லை. அலாரம், ரிமோட் சாவிக்காகக் காத்திருக்கும் ரிசீவர், கடிகாரம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும்.

ஒரு சின்ன கணக்கு. நிற்கும் கார் 30 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர் ஹவர். 100 நாளில் 72. ஒரு 70 ஆம்பியர் ஹவர் பேட்டரி, நான்கு மாதம் முடிவதற்கு முன்பே காலி. அதோடு, சார்ஜ் இறங்கிய லெட் ஆசிட் பேட்டரியின் தகடுகளில் சல்ஃபேட் படிந்து கெட்டியாகிவிடும். பிறகு சார்ஜ் போட்டாலும் பழைய திறன் முழுசா திரும்பாது. முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி கடும் குளிரிலும் உறையாது. காலியான பேட்டரியோ பூஜ்ஜியத்துக்குச் சில டிகிரி கீழே போனாலே உறைந்து வெடிப்பு விடலாம்.

அதனால்தான் பலர் குளிர்காலம் முழுக்க மெயின்டெனன்ஸ் சார்ஜரை மாட்டி வைக்கிறார்கள். அப்படிச் செய்யாதவர்கள், முதலில் மல்டிமீட்டரில் வோல்டேஜ் பார்க்கணும். 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் என்றால் நல்ல நிலை. 12.2 என்றால் பாதி சார்ஜ். 12-க்குக் கீழே என்றால் ஸ்டார்ட் பண்ண முயற்சிக்காமல், நிதானமாக ஒரு இரவு சார்ஜ் போடுவதே நல்லது. ஜம்ப் ஸ்டார்ட் செய்துவிட்டு, மீதியை ஆல்டர்னேட்டர் பார்த்துக்கும் என்று விட்டால், அதன் மேல் பெரிய சுமை விழும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. போர்ஷே 911-ல் பேட்டரி முன்பக்க மூடிக்குள் இருக்கிறது. 997, 991 தலைமுறை மாடல்களில் அந்த மூடி மின்சாரத்தில் திறக்கும். பேட்டரி செத்தால், பேட்டரியை எடுக்கவே வழியில்லை! இதற்காகவே டிரைவர் கால் வைக்கும் இடத்தில் உள்ள ஃபியூஸ் பாக்ஸில் ஓர் அவசர முனை இருக்கும். அதற்கு வெளியிலிருந்து கரன்ட் கொடுத்தால் மூடி திறக்கும். அந்த முனை மூடியைத் திறக்க மட்டும்தான், எஞ்சினை ஸ்டார்ட் செய்ய அல்ல.

சாவிக்கு முன் ஒரு டார்ச் லைட்

காரைச் சுற்றி ஒரு நடை. தரையில் எண்ணெய், கூலன்ட், பிரேக் ஆயில் சொட்டிய தடம் இருக்கிறதா? இருந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டியதுதான்.

அடுத்து பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்கணும். குளிரில் எலிகளுக்கு ஏர் ஃபில்டர் பெட்டி அருமையான வீடு. ஜெர்மனியில் இன்னொரு தொல்லையும் உண்டு: கீரி அளவில் இருக்கும் மார்ட்டன் என்ற விலங்கு. எஞ்சின் அறைக்குள் புகுந்து இக்னிஷன் வயர், ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் கடித்துவிடும். அங்கே மார்ட்டன் கடிக்கு இன்ஷூரன்ஸ் கவரே இருக்கிறது என்றால், பிரச்சினை எவ்வளவு சகஜம் என்று புரிந்துகொள்ளலாம்.

எலி நுழையாமல் இருக்க சைலன்சர் குழாயில் துணியோ ஸ்டீல் வூலோ அடைத்து வைத்திருந்தால், மறக்காமல் எடுத்துவிடணும். சிரிப்பாக இருக்கும், ஆனால் பலர் மறக்கும் விஷயம் இது.

டயர் காற்று கண்டிப்பாகக் குறைந்திருக்கும். வெப்பநிலை 5–6 டிகிரி இறங்கினாலே சுமார் 1 பிஎஸ்ஐ குறையும். இது போக, மாதக்கணக்கில் கசிவதும் சேரும். டயரின் பக்கவாட்டில் உள்ள 4 இலக்க எண்ணையும் பார்க்கலாம். முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரம், அடுத்த இரண்டு வருடம். 1519 என்றால் 2019-ன் 15-வது வாரம். பட்டன் தேயாமல் இருந்தாலும், வயதான ரப்பர் வயதானதுதான்.

அந்த முதல் சில விநாடிகள்

எஞ்சின் ஓடும்போது எல்லா உலோகப் பாகங்களுக்கும் இடையே எண்ணெயின் மெல்லிய படலம் இருக்கும். நான்கு மாதம் நின்றால், அந்த எண்ணெயில் பெரும்பகுதி வழிந்து அடியில் உள்ள சம்ப்பில் தேங்கிவிடும். ஸ்டார்ட் ஆன கணத்தில், ஆயில் பம்ப் மறுபடி மேலே தள்ளும் வரை, பாகங்கள் மிச்சமிருக்கும் கொஞ்சம் எண்ணெயிலேயே உரசுகின்றன. அந்த நேரத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்து 'வ்ரூம்' சத்தம் கேட்டால், அது தேய்மானத்தின் சத்தம்தான்.

ஆயில் அளவைச் சரிபார்த்த பிறகு, இக்னிஷனை மட்டும் ஆன் செய்து சில விநாடிகள் காத்திருக்கணும். ஃபியூயல் பம்ப் பெட்ரோலை லைனுக்குக் கொண்டு வரும். பிறகு ஸ்டார்ட். ஒரே மூச்சில் 10 விநாடிக்கு மேல் கிராங்க் செய்யாமல், இடைவெளி விட்டு முயற்சிக்கலாம். ஃபியூயல் இன்ஜெக்ஷன் உள்ள பல கார்களில் ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதித்துக்கொண்டு கிராங்க் செய்தால், பெட்ரோல் போகாமல் எஞ்சின் சும்மா சுற்றும். அந்தச் சுற்றில் ஆயில் கொஞ்சம் மேலேறிவிடும். ஆனால் எல்லா மாடலிலும் இந்த வசதி இல்லை. கையேட்டைப் பார்த்துவிட்டுச் செய்வதே சரி.

ஸ்டார்ட் ஆனதும் கண் இருக்க வேண்டியது ஆயில் பிரஷர் விளக்கின் மேல். சில விநாடிகளில் அது அணையணும். அணையலையா? உடனே ஆஃப். யோசிக்கவே கூடாது.

முதலில் கேட்கும் டிக் டிக் சத்தம் கொஞ்ச நேரத்தில் அடங்கினால் பயப்பட வேண்டாம். வால்வு லிஃப்டர்களில் ஆயில் நிரம்பும் சத்தம் அது. தொடர்ந்து கேட்டால் மெக்கானிக்கிடம் போகணும். சைலன்சரில் வரும் வெள்ளைப் புகை பெரும்பாலும் நீராவிதான். போர்ஷே, சுபாரு போன்ற பாக்ஸர் எஞ்சின்களில், சிலிண்டர்கள் படுத்த நிலையில் இருப்பதால் ஆயில் தேங்கி, முதலில் ஒரு குப்பென்று நீலப்புகை வரலாம். உடனே நின்றுவிட்டால் சரி.

உயிருக்கு ஆபத்தான தவறு எது?

மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓட விடுவது. வெளியே குளிருதே என்று கதவைச் சாத்திவிட்டு ஸ்டார்ட் செய்தால், சில நிமிடங்களிலேயே கார்பன் மோனாக்சைடு ஆபத்தான அளவுக்குச் சேர்ந்துவிடும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, மயக்கம் வரும்போது எழுந்து போகத் தெம்பு இருக்காது. கதவு பாதி திறந்திருப்பதும் போதாது. முடிந்தால் காரைத் தள்ளி வெளியே கொண்டு வந்து ஸ்டார்ட் செய்யணும். முடியாவிட்டால், ஸ்டார்ட் ஆனதும் வெளியே எடுத்துவிடணும். வீட்டோடு ஒட்டிய கராஜ் என்றால் உள்ளே தூங்குபவர்களுக்கும் இதே ஆபத்துதான்.

'மாசம் ஒருமுறை 5 நிமிஷம் ஓட விட்டா போதாதா?'

போதாது. சொல்லப்போனால் அது கெடுதல். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உருவாகிறது. எஞ்சின் நன்றாகச் சூடானால் அது ஆவியாக வெளியேறிவிடும். ஐந்து நிமிடத்தில் அணைத்தால், ஆயிலுக்குள்ளும் சைலன்சருக்குள்ளும் ஈரமாகத் தங்கிவிடும். பேட்டரியில் எடுத்த சார்ஜையும் அந்த ஐந்து நிமிடம் திருப்பித் தராது. அதற்கு, தொடாமல் விடுவதே மேல்.

ஆயில் மாற்றுவதும் பூட்டி வைக்கும் முன்பே நடந்தால் நல்லது. பழைய ஆயிலில் உள்ள அமிலமும் ஈரமும் குளிர்காலம் முழுக்க எஞ்சினுக்குள் இருக்க வேண்டாமே. அப்போது விட்டிருந்தால், இப்போது மாற்றிவிடலாம்.

முதல் 20 கிலோமீட்டர்

ஸ்டார்ட் செய்து கால் மணி நேரம் நிறுத்தியே சூடாக்குவதால் பயனில்லை. அரை நிமிடம், ஒரு நிமிடம் போதும். பிறகு மெதுவாக ஓட்டுவதுதான் எஞ்சினை ஒழுங்காகச் சூடாக்கும். கூலன்ட் முள் நடுவில் வந்துவிட்டாலும் ஆயில் சூடாக இன்னும் நேரம் எடுக்கும். பிஎம்டபிள்யூவின் சில எம் மாடல்களில், ஆயில் சூடாகும் வரை ஆர்பிஎம் மீட்டரில் ஆரஞ்சு விளக்குகள் எரியும். சூடாகச் சூடாக ஒவ்வொன்றாக அணையும். அப்படி வசதி இல்லாத காரில், முதல் 15 நிமிடம் 3,000 ஆர்பிஎம் தாண்டாமல் ஓட்டலாம்.

பிரேக் டிஸ்க்கில் துரு படிந்திருக்கும். முதல் பிரேக் எதிர்பார்த்த இடத்தில் நிற்காமல் போகலாம். காலி ரோட்டில், பின்னால் வண்டி இல்லாதபோது, நாலைந்து முறை மிதமாக மிதித்தால் துரு தேய்ந்துவிடும். ஹேண்ட் பிரேக் போட்டபடி நிறுத்தியிருந்தால் பேட் டிஸ்க்கோடு ஒட்டியிருக்கலாம். கார் நகர மறுத்தால் வம்புக்கு இழுக்காதீர்கள். ஒரே இடத்தில் நின்றதால் டயர் தட்டையாகி ஸ்டீயரிங் அதிர்வதும் உண்டு. டயர் சூடானதும் பெரும்பாலும் சரியாகிவிடும்.

முக்கியமாக, மார்ச் மாத ரோடு ஜூலை மாத ரோடு இல்லை. டயர் குளிர்ந்திருக்கும், ஓரங்களில் குளிர்காலத்து மணல் கிடக்கும், ஓட்டுபவரின் கைக்கும் நான்கு மாதப் பழக்கம் விட்டுப்போயிருக்கும்.

நம்ம ஊருக்கு இது எதுக்கு?

இங்கே பனி இல்லை. ஆனால் 2020 லாக்டவுனில் மாதக்கணக்கில் நின்ற கார்களும் பைக்குகளும் ஞாபகம் இருக்கிறதா? ஆறு மாத ஆன்சைட் முடிந்து ஊர் திரும்பும்போது, அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் தூசி படிந்து நிற்கும் ஹேட்ச்பேக்குக்கும் இதே விதிகள்தான். மார்ட்டனுக்குப் பதில் பெருச்சாளி, அவ்ளோதான் வித்தியாசம்.

சுருக்கமாக:

* பேட்டரி வோல்டேஜ் பார்த்து, குறைந்தால் முதலில் சார்ஜ்.
* கசிவு, எலிக்கூடு, கடிபட்ட வயர், சைலன்சர் அடைப்பு – டார்ச் அடித்துப் பார்க்கணும்.
* டயர் காற்று, ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் சரிபார்க்கணும்.
* மூடிய இடத்தில் எஞ்சினை ஓட விடவே கூடாது.
* ஆயில் விளக்கு அணையும் வரை ஆக்ஸிலரேட்டரைத் தொடாதீர்கள்.
* முதல் 15 நிமிடம் நிதானம். சத்தத்தை அப்புறம் கேட்டுக்கலாம்.