பெட்டிக்குள் எத்தனை நாள் கிடக்கிறது?

மாரி முழுக்கத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற வேலை இல்லை. தைப்பொங்கல் கழிந்து ஒரு கிழமையில் பெரியம்மா கிணற்றடிக்குப் போனபோது கொட்டிலில் மோட்டரைக் காணவில்லை. வெட்டிய வயரின் இரண்டு நுனியும் நாலு நட்டும் மட்டும் கிடந்தன.

வீடு இரணைமடுச் சந்தியிலிருந்து குளத்துப் பக்கம் போகும் வழியில் இருக்கிறது. சுற்றிவர நாலு கமரா. லண்டனில் இருக்கும் மகன் போன ஆடியில் வந்தபோது பூட்டிவிட்டுப் போனவை. பெரியம்மா பதறவில்லை. "எல்லாம் பெட்டியில பதிஞ்சு கிடக்கும் எண்டுதான் அவன் சொன்னவன். எடுத்துப் பார் தம்பி" என்றார். பார்த்தேன். ஆகப் பழைய பதிவே பதினோரு நாளைக்கு முந்தியது. அதில் கிணற்றடி தெரிந்தது, கொட்டில் தெரிந்தது. மோட்டர் அப்போதே இல்லை.

களவும் பதிந்துதான் இருந்திருக்கும். அதற்கு மேலேயே நாயும் மழையும் பதிந்து அதை அழித்துவிட்டன.

கமரா வாங்குகிற எவரும் கடைக்காரரிடம் "எத்தனை மெகாபிக்சல்? இரவில் தெரியுமா? போனில் பார்க்கலாமா?" என்று கேட்பார்கள். "எத்தனை நாள் நிற்கும்?" என்று கேட்பவரை நான் இன்னும் காணவில்லை. வன்னியில் கேட்க வேண்டிய முதற் கேள்வி அதுதான். இங்கே பாதி வீடுகளின் சொந்தக்காரர் ரொறன்ரோவிலோ பாரிஸிலோ இருக்கிறார். களவு நடக்கும் நாளுக்கும் அது தெரியவரும் நாளுக்கும் இடையில் மாதம் போய்விடும்.

கணக்கு கடினமானதல்ல. 2 மெகாபிக்சல் கமரா ஒன்று வினாடிக்கு 2 மெகாபிட் வீதம் பதிந்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 21.6 ஜிகாபைட். நாலு கமராவுக்கு 86 ஜிகாபைட். 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் அது 11 நாள். நிரம்பியதும் பெட்டி யாரையும் கேட்காது, பழைய நாளை அழித்துப் புதிய நாளை எழுதும். 4 மெகாபிக்சல் கமரா வாங்கி வேகத்தையும் இரட்டிப்பாக்கினால் 6 நாள்கூட நிற்காது. படம் தெளிவாகத் தெளிவாக நாள் குறையும் என்பதை விற்பவர் சொல்லமாட்டார்.

நாளைக் கூட்ட வழி உண்டு. பெட்டியின் செட்டிங்கில் எச்.265 முறை இருந்தால் அதற்கு மாற்றுங்கள். ஏறக்குறைய அதே படம் பாதி இடத்தில் அடங்கும். வினாடிக்கு 25 படம் சினிமாவுக்கு வேண்டும், கேற்றுக்கு 12 போதும். இந்த இரண்டோடு 2 டெராபைட் டிஸ்க்கும் போட்டால் நாலு கமராவுக்கு 45 நாள் வரும். உங்கள் பெட்டி எவ்வளவு பெரிய டிஸ்க்கை ஏற்கும் என்று மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

அசைவு தெரிந்தால் மட்டும் பதியும் முறையும் இருக்கிறது. நம் பக்கத்தில் அதை நம்பி ஏமாறக் கூடாது. இரவில் கமராவின் அகச்சிவப்பு வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், கண்ணாடிக்கு முன்னால் வலை கட்டும். அந்த வலை காற்றில் ஆடும்போதெல்லாம் பெட்டி கள்ளன் வந்ததாக நினைத்துப் பதியும். பெருமழையும் தென்னோலையும் அப்படித்தான். அறுவடைக் காலத்தில் விடிய விடிய மெஷினும் உழவு இயந்திரமும் தெருவால் போகும். வாரம் ஒருமுறை விளக்குமாற்று நுனியால் கமராவின் வாயைத் துடைப்பதே பாதி வைத்தியம்.

டிஸ்க்கின் வகையும் முக்கியம். கணினிக்குரிய சாதாரண டிஸ்க் சிலவற்றை ஆண்டுக்கு 2400 மணி நேர ஓட்டத்துக்குத்தான் கணக்கிட்டுச் செய்கிறார்கள். கமராப் பெட்டியில் அது 8760 மணி நேரம் ஓடுகிறது. இரவு பகல் ஓட்டத்துக்கென்றே டபிள்யூ.டி. பர்ப்பிள், சீகேற் ஸ்கைஹோக் போன்றவை வருகின்றன. விலை கொஞ்சம் கூட. பாவித்த டிஸ்க்கைப் புதிது போல விற்பது உலகம் முழுக்க நடக்கிறது. 2025 தொடக்கத்தில் ஜேர்மனியில் புதிது என்று விற்கப்பட்ட டிஸ்க்குகள் பல்லாயிரம் மணி நேரம் ஓடியவை என்பதும், ஓடிய கணக்கு பூச்சியமாக்கப்பட்டிருந்ததும் தெரியவந்தது. ஆகவே தொடரிலக்கம் எழுதிய பற்றுச்சீட்டும் உத்தரவாதமும் இல்லாமல் வாங்க வேண்டாம். சொன்ன உத்தரவாதத்துக்குப் பொருள் ஒத்துவராவிட்டால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும். அவர்களின் தொலைபேசி இலக்கம் 1977.

பெரியம்மா வீட்டுப் பெட்டி அலுமாரிக்கு மேல், தகரக் கூரைக்குக் கீழ், பூப்போட்ட துணியால் மூடி வைக்கப்பட்டிருந்தது. திறந்தபோது காற்றாடியில் தூசி, மூலையில் இரண்டு பல்லி முட்டை. சூடு டிஸ்க்கைத் தின்னும். அதற்காக நிலத்தில் வைக்கவும் முடியாது. 2018 மார்கழியில் இரணைமடு வான்கதவுகள் திறக்கப்பட்டு வெள்ளம் வந்தபோது வீட்டுக்குள் தண்ணீர் நின்ற உயரம் நினைவிருப்பவர்களுக்கு ஏன் என்று சொல்லத் தேவையில்லை. நெஞ்சளவு உயரத்தில், காற்றுப் படும் உள்ளறைச் சுவரில் மாட்டுங்கள். சின்ன யூ.பி.எஸ். ஒன்றும் வேண்டும். கரண்ட் போய்ப் போய் வருவதில் பெட்டி அணைந்து எழும்புவதுதான் டிஸ்க்குக்கு வரும் முதல் நோய். ஐப்பசி இடி முழக்கத்துக்கு வயரைக் கழற்றுபவர்கள் திரும்பப் பூட்டவும் மறக்க வேண்டாம்.

சம்பவம் நடந்துவிட்டால் முதலில் நேரத்தைப் பாருங்கள். பெட்டி காட்டும் திகதியும் மணியும் ஒரு பக்கம், போன் காட்டுவது மறுபக்கம் வைத்து ஒரே படமாக எடுத்து, வித்தியாசத்தை எழுதி வையுங்கள். உள்ளிருக்கும் சின்னப் பற்றரி செத்த பெட்டி 2000ஆம் ஆண்டுக்கே போய் நிற்கும். அப்படியொரு பதிவை வைத்து "நேற்று இரவு" என்று யாரை நம்பவைப்பது? பிறகு உரிய பகுதியைப் பென் டிரைவில், பெட்டியின் சொந்த வடிவிலேயே, முன்னும் பின்னும் அரை மணி நேரம் சேர்த்து இறக்குங்கள். வாட்ஸப்பில் அனுப்பிய வீடியோ உறவினருக்குக் காட்ட உதவும். அது சுருங்கிய பிரதி, மூலம் அல்ல. இறக்கத் தெரியாவிட்டால் பெட்டியை முறைப்படி நிறுத்தி டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு வேறு டிஸ்க் போடுங்கள். தவறி அழித்ததையோ போர்மற் செய்ததையோ சிலவேளை மீட்கலாம். மேலே எழுதப்பட்டதை எவராலும் மீட்க முடியாது.

இப்படிக் காப்பதன் பயன் நீதிமன்றத்தில்தான் தெரியும். 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று (சிறப்பு ஏற்பாடுகள்) சட்டம் சம்பவ நேரத்துப் பதிவைச் சான்றாக ஏற்கிறது. கருவி அப்போது சரியாக இயங்கியதா, பதிவு மாற்றப்படாமல் பாதுகாப்பாக இருந்ததா என்று அது கேட்கும். பதிவை முன்வைக்கும் தரப்பு விசாரணைத் திகதிக்குக் குறைந்தது 45 நாளுக்கு முன் அறிவித்தல் கொடுக்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்திலும் இதுபற்றி விதிகள் உண்டு. எது பொருந்தும் என்பது சட்டத்தரணியின் வேலை. நமது வேலை டிஸ்க்கில் கை வைக்காமல் இருப்பது. பொலிஸார் பெட்டியைக் கேட்டால் கொடுங்கள். கொடுக்குமுன் உங்களுக்கென ஒரு பிரதி எடுங்கள். எந்தப் பெட்டி, என்ன தொடரிலக்கம் என்பது முறைப்பாட்டுப் புத்தகத்தில் பதியப்படுவதைப் பார்த்துக்கொள்ளுங்கள். முறைப்பாட்டையே ஏற்க மறுத்தால் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு 1960 இலக்கத்தில் சொல்லலாம்.

கமராவுக்கு மறுபக்கமும் உண்டு. நீண்ட காலம் பிறர் கண்காணிக்க வாழ்ந்த சனம் நாங்கள். இன்று நாங்களே எங்கள் மதிலில் கண் வைத்திருக்கிறோம். அந்தக் கண் அயல்வீட்டுக் கிணற்றடியைப் பார்த்தால் அங்கே குளிப்பவளுக்கு அது பாதுகாப்பல்ல. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் முற்றிலும் வீட்டுத் தேவைக்கான பதிவுக்கு விலக்கு அளிக்கிறது. கடைக்கும் ரியூசனுக்கும் அந்த விலக்கு இல்லை. ஐரோப்பாவில் 2014இல் செக் நாட்டவர் ஒருவரின் வழக்கில், பொதுத் தெருவையும் பதியும் வீட்டுக் கமரா வெறும் வீட்டுத் தேவை ஆகாது என்றே தீர்ப்பு வந்தது. பெட்டியிலேயே குறித்த இடத்தைக் கறுப்புக் கட்டத்தால் மறைக்கும் வசதி இருக்கிறது, ஐந்து நிமிட வேலை. அயலவர் கேட்டும் செய்யாவிட்டால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். வீட்டைப் பார்க்கவென வைத்த ஆளுக்கும் எந்தக் கமரா எதைப் பார்க்கிறது என்று சொல்ல வேண்டும். அவர் படுக்கும் அறை எந்தக் கமராவிலும் விழக் கூடாது.

கடவுச்சொல்லை மாற்றாத பெட்டி திறந்த கேற். 2025இல் குஜராத்தின் ராஜ்கோட்டில் மகப்பேறு மருத்துவமனை ஒன்றின் கமராப் பதிவுகள் வெளியே போய் விற்கப்பட்டபோது, பூட்டும்போது இருந்த எளிய கடவுச்சொல்லே மாறாமல் இருந்தது தெரியவந்தது. பூட்ட வந்த பெடியன் போனதும் அதை மாற்றுங்கள். உங்கள் பதிவு வெளியே போனதாகச் சந்தேகம் வந்தால் இலங்கை கணினி அவசர உதவிப் பிரிவுக்கு 101இல் அறிவிக்கலாம். கள்ளன் என்று நினைப்பவரின் முகத்தை முகநூலில் போடும் அவசரத்தையும் அடக்குங்கள். ஆள் மாறினால் முறைப்பாட்டுக்காரர் அவராகிவிடுவார்.

பெரியம்மாவின் மோட்டர் கிடைக்கவில்லை. முறைப்பாடு இருக்கிறது, புது மோட்டர் வீட்டுக்குள் இருக்கிறது. பெட்டி துணி கழன்று சுவருக்கு வந்தது, டிஸ்க் 2 டெராபைட் ஆனது. ஒவ்வொரு போயாவுக்கும் அவர் பெட்டியைத் திறந்து ஆகப் பழைய பதிவின் திகதியைக் கலண்டரில் எழுதுகிறார். போன மாதம் லண்டனுக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது: "ஒன்றரை மாசம் கிடக்கு மேனை. பின்பக்கக் கமராவில திரும்பவும் சிலந்தி."