ஒற்றியூர் நீங்கிய அடிகளார்

சென்னைக்கு வடக்கே, கடலை ஒட்டி அமைந்த பழம்பதி திருவொற்றியூர். இன்று அவ்வழியே செல்வார்க்கு ஆலைகளின் புகைபோக்கிகளும், துறைமுகம் நோக்கி ஊர்ந்து செல்லும் சரக்கு லாரிகளின் நெடிய வரிசையுமே முதலிற் கண்ணிற்படும். இற்றைக்கு நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னர் அவ்வழி அமைதியானது. ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவினின்று புறப்பட்டு, வெள்ளாடை போர்த்த இளைஞர் ஒருவர் அவ்வழியே நடந்து சென்று ஒற்றியூர்க் கோயிலை வழிபட்டு மீள்வார். பன்னிரண்டாம் அகவை தொடங்கி முப்பத்தைந்தாம் அகவை வரையில் அவர் இவ்வழிபாட்டை விடாது போற்றினார் என்பர். அவரே இராமலிங்க அடிகளார்.

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823 ஆம் ஆண்டு பிறந்த அடிகளார், குழந்தைப் பருவத்திலேயே சென்னைக்கு வந்துவிட்டார். ஆகவே, சென்னையே அவர்க்குப் பழகிய ஊர். ஒற்றியூர் வடிவுடையம்மையின் மீது ‘வடிவுடை மாணிக்க மாலை’ பாடினார். 1851 இல் ‘ஒழிவிலொடுக்கம்’ என்னும் நூலைப் பதிப்பித்தார். 1854 இல் ‘மனுமுறை கண்ட வாசகம்’ என்னும் உரைநடை நூலை இயற்றினார். தொழுவூர் வேலாயுத முதலியார் போன்ற புலவர் அவரை ஆசிரியராகக் கொண்டனர். கற்றோர் அவையிற் பெருமதிப்பும், மனத்துக்கினிய வழிபாடும், அன்பர் சூழலும் ஒருங்கே வாய்த்தவர், அவற்றை விட்டு நீங்குவதற்குப் புறக்காரணம் யாதும் இல்லை. துன்பம் துரத்த ஊரைவிட்டு ஓடுவது எளிது. இன்பம் நிறைந்த இடத்தினின்று எழுந்து செல்வதே அரிது.

ஆயின், இடம் பெயர்தல் ஒன்றே சிறப்பாகிவிடாது. இவ்வொற்றியூரிலேயே அதற்கு ஒரு சான்று உண்டு. சுந்தரர் மகிழ மரத்தடியில், ‘உன்னைப் பிரியேன்’ எனச் சங்கிலியார்க்கு உறுதி கூறினார்; பின்னர் அவ்வுறுதியை மறந்து ஒற்றியூர் எல்லையைக் கடந்தார்; கடந்த அளவில் கண்ணொளி இழந்தார் என்று பெரியபுராணம் கூறும். சுந்தரர் நீங்கியபோது ஒருவர்க்குத் தந்த வாக்கு பின்னே கிடந்தது. அடிகளார் நீங்கியபோது பின்னே விட்டது தம் வசதியை மட்டுமே. இவ்வேறுபாட்டை மாணவர் உற்றுநோக்குதல் வேண்டும்.

1858 ஆம் ஆண்டு அடிகளார் சென்னையை விட்டுத் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். இதற்கு இரண்டாண்டுகள் முன்னர்த்தான் இராயபுரத்தில் தென்னாட்டின் முதற் பயணியர் புகைவண்டி ஓடத் தொடங்கியிருந்தது. நாட்டுப்புறத்தார் பலர் பிழைப்பு நாடிச் சென்னைக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. அடிகளாரோ எதிர்த்திசையிற் சென்றார். சிதம்பரம் முதலிய தலங்களை வணங்கியபின், கருங்குழி என்னும் சிற்றூரில் வேங்கட ரெட்டியார் இல்லத்தில் தங்கினார். சில நாள் தங்க வந்தவர் போலத் தோன்றினும், ஒன்பது ஆண்டுகள் அவ்வூரே அவர்க்கு உறைவிடமாயிற்று.

அங்கே அவர்தம் நோக்கு விரிந்தது. சென்னையிற் கண்டது பெரும்பாலும் கற்றோர் உலகம். கருங்குழியிற் கண்டது உழவரும் கூலியாளரும் வாழும் உலகம். பசி என்பது நூலிற் படிக்கும் சொல்லாக இராமல், அடுத்த தெருவில் வாழும் மக்களின் முகமாக நின்றது. சென்னை அன்பர் அவர் பாடல்களை அச்சிட விரும்பிப் பன்முறை எழுதியும் அவர் எளிதில் இசைந்தாரல்லர். இசைந்த பின்னரும் ‘இராமலிங்கசாமி’ என்று தம் பெயரை வழங்குதல் கூடாதெனத் தடுத்தார். புலவர்க்குப் புகழ் எத்துணை இனியது என்பதை அறிந்தவர்க்கே இம்மறுப்பின் அருமை விளங்கும்.

1867 ஆம் ஆண்டு, திருவருட்பாவின் முதற் பகுதிகள் அச்சேறின. அவ்வாண்டு மே மாதம் 23 ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கப்பெற்றது. அதற்கு ஊரார் எண்பது காணி நிலம் அளித்தனர். பாட்டெழுதிய கை அரிசிக்கும் விறகுக்கும் கணக்குப் பார்க்க வேண்டியதாயிற்று. நாடோறும் எத்துணைப் பேர் வருவர் என்பதை முன்னறிய இயலாது. வந்தவரைப் பசியோடு திருப்பவும் இயலாது. ஒற்றியூர்ச் சந்நிதியிற் கண்மூடி நின்றவர்க்கு இஃது எத்துணைப் புதிய தொழில்!

எதிர்ப்பும் வந்தது. அவர் பாடல்களை ‘அருட்பா’ எனல் பொருந்தாதென்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1869 இல் மறுப்பெழுதினார். பூசல் நீதிமன்றம் வரை சென்றது. நாவலரும் பேரறிஞரே, தாம் கொண்ட சைவ மரபைக் காப்பதே அவர்தம் கடன். எனினும், பழைய எல்லைக்குள் திரும்புமாறு விடுத்த அவ்வழைப்பு அடிகளாரைத் தடுக்கவில்லை. 1872 இல் வடலூரில் சத்திய ஞானசபையை அவர் அமைத்தார்.

மேட்டுக்குப்பத்தில் 1873 இல் ஆற்றிய பேருரையில் அடிகளார் கூறிய ஒரு செய்தி வியப்புக்குரியது. முன்னாளில் தமக்குச் சைவ சமயத்தில் இருந்த பற்று அளவிறந்தது என்றும், தாம் பாடிய பாடல்களே அதற்குச் சான்று என்றும், அக்காலத்துத் தம் அறிவு சிறிதாயிருந்தமையே அதற்குக் காரணம் என்றும் அவர் வெளிப்படையாக உரைத்தார். ஊரை விடுதலினும், உறவை விடுதலினும், தாமே பாடிப் பலரும் போற்றிய பாடல்களைக் கடந்து நிற்றல் கடினம்.

ஒற்றியூரில் பாடிய பாடல்களை அவர் அழித்தாரல்லர். அவை இன்றும் திருவருட்பாவில் உள்ளன; வடிவுடையம்மை சந்நிதியில் ஓதப்பெறுகின்றன. வடலூரில் அன்று மூட்டிய அடுப்பின் தீ இன்றளவும் அவியாமற் காக்கப்பட்டு வருகிறது. சாதி, சமயம் வினவாது, வருவார்க்கெல்லாம் அங்கே உணவு வழங்கப்படுகிறது.